டெல்டா அலை

எண் அசையவில்லை.
அதில்தான் எனக்குச் சந்தேகம்.

அழுதால் ஏறும், உறங்கினால் இறங்கும்
பச்சைப்பிள்ளையின் நெஞ்சு.
இது இருநூற்று எண்பத்திரண்டிலேயே நின்றது,
ஊசி குத்தியபோதும்,
கத்திக் களைத்துக் கண் சொருகியபோதும்.
பிறந்து பதினொரு நாள்.
மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
காய்ச்சல் இல்லை.
"நேத்து மத்தியானத்துலேருந்து பால் இழுக்கல,
உச்சந்தலை வேர்த்துக்கிட்டே இருக்கு" என்றாள் ரஹ்மத்,
முத்துப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் நனைந்து வந்தவள்.

ஐப்பசி. திருத்துறைப்பூண்டி.
திருவாரூர் சாலையில் பாலத்துக்கு மேல் தண்ணீர்.
ஆம்புலன்ஸ் டிரைவர் கையை விரித்துவிட்டார்.
போனில் தஞ்சாவூர் இதய டாக்டர்
"முதல்ல முகத்துல ஐஸ் வைங்க" என்கிறார்.
ஜெனரேட்டர் இழுப்பது வார்மரையும் மானிட்டரையும்தான்;
ஃப்ரிட்ஜில் இருந்தவை வெறும் தண்ணீர்ப் பைகள்.

சிஸ்டர் அமலோற்பவம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.
கீழே மீன்பெட்டி கட்டிய டிவிஎஸ் ஃபிஃப்டியோடு
மழையில் நின்றிருந்தார் குத்புதீன்,
பிள்ளையின் வாப்பா.

கொடுவாய்மேல் கிடந்த ஐஸ்.
உடைத்து, கழுவி, பாலிதீனில் கட்டி,
துணி சுற்றி,
மூக்கும் வாயும் விட்டு
நெற்றியும் கன்னமும் மூடினோம்.
தண்ணீருக்குள் முங்கிவிட்டோம் என்று
உடம்பு நம்ப வேண்டும்,
நம்பினால் நெஞ்சு நிதானிக்கும்.
நாலு துடிப்புக்கு நம்பியது.
மறுபடி அதே எண்.

மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு
ஒரே மதகில் இறங்க வேண்டிய மின்சாரம் அது.
கரையில் எங்கோ ஒரு கள்ளமடை.
இறங்கியது அதன் வழியே மேலேறி
மதகுக்கே திரும்பி வந்து விழுகிறது.
வயலுக்குப் பாயாமல்
தன்னையே சுற்றி ஓடும் தண்ணீர்.
மதகை ஒரு கணம் இறக்கி மூட வேண்டும்,
அவ்வளவுதான்.

அடினோசின்.
பத்து விநாடிக்குள் பாதி செத்துவிடும் மருந்து.
கால் நரம்பில் போட்டது வழியிலேயே செத்தது.
முழங்கை மடிப்பில் புது நரம்பு, இரட்டை அளவு,
ஒரே குழாயில் இரண்டு சிரிஞ்சு.
நான் மருந்து, அமலோற்பவம் உப்புநீர்,
என் விரல் தீரும்முன் அவர் விரல்.

கோடு நேராயிற்று.

நேராகவே இருந்தது.

சில விநாடி நிற்கும், பயப்படாதே என்று
புத்தகத்தில் படித்திருக்கிறேன்.
எழுதியவருக்கு எதிரே
ரஹ்மத் நின்றிருக்கமாட்டாள்.

ஒரு துடிப்பு.
இன்னொன்று, கோணலாக.
பிறகு நூற்று நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு,
பிள்ளை வீறிட்டதும் நூற்று அறுபத்தொன்று.
எண் அசைந்தது.

தாளை ஓட்டி எடுத்தேன்.
ஒவ்வொரு முனைக்கும் அடியில்
வண்டல் படிந்தாற்போல் ஒரு சரிவு,
குழைந்து ஏறும் கோடு.
"அதுக்கு என்ன பேரு டாக்டரம்மா?"
"டெல்டா அலை."
குத்புதீன் சிரிக்கவில்லை.
"அப்ப நம்ம பக்கத்து ஆளுதான்" என்றார்.
பெட்டியில் அன்றைக்கு மீன் நாறிப்போயிருந்தது.

கள்ளமடை அடைபடவில்லை, தூங்குகிறது.
ஒரு வயதுக்குள் தானே தூர்ந்துபோகலாம் என்றேன்.
போகாமலும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன்.
எட்டு மணிக்கொரு தரம் ப்ரோப்ரனலால்,
பால் குடித்த பிறகுதான், வெறும் வயிற்றில் கூடாது.

தஞ்சாவூர் போய்த் திரும்பி, வீட்டுக்கு அனுப்பும் நாளில்
ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி
கால் நிமிடம் எண்ணச் சொன்னேன்.
ஒன்று என்று தொடங்கவில்லை,
ஏலத்துறைப் பழக்கம்:
"லாபம், ரெண்டு, மூணு…"
உதடு துடிப்பை விரட்டிக்கொண்டு ஓடியது.

முப்பத்தைந்தில் நேரம் முடிந்தது, போதும் என்றேன்.
அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.